கோச் எடுக்கிற மாதிரி கம்பெனிக்கு ஆள் எடுக்க முடியுமா?

டர்பன் பீனிக்ஸ் பகுதித் தம்பி கேட்டது, 15 ஜூன் 2025

நேற்று லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை ஐந்து விக்கெட்டில் சாய்த்து நம்ம தென்னாப்பிரிக்கா கிரிக்கெட்டில் டெஸ்ட் சாம்பியன் ஆகிவிட்டது. மார்க்ரம் அடித்த 136 பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள், எனக்கு வேறு யோசனை. கோச் சுக்ரி கான்ராட் நாட்டுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர். இருந்தாலும் கோச்சாக எடுத்தார்கள், ஜெயித்துக் காட்டினார். விளையாட்டில் ரிசல்ட் மட்டும்தான் பேசும். எங்கள் ஆபீசில் ஒரு மேனேஜரை எடுக்க மாசக்கணக்கில் இழுத்தார்கள், மூன்று இண்டர்வியூ, ஒரு சைக்கோமெட்ரிக் டெஸ்ட், கடைசியில் வந்தவர் ஒரு தத்தி. கோச் எடுக்கிற மாதிரி கம்பெனிகளும் ஆள் எடுத்தால் நாடு உருப்படும். மறுக்க முடியுமா?

16 ஜூன் 2025

மறுக்க முடியும் தம்பி. இன்று யூத் டே விடுமுறை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன். டர்பனில் ஆள் எடுக்கிற வேலையிலேயே என் காலம் கழிந்தது. முதலில் ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு துணி ஆலை, அப்புறம் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கம்பெனி. எனக்குப் பந்து விளையாட வராது, பார்க்க மட்டும் தெரியும்.

ரிசல்ட் என்கிறீர்களே, எந்த ரிசல்ட்? கான்ராடை டெஸ்ட் அணிக்கு எடுத்தது 2023 ஜனவரியில். 2024 பிப்ரவரியில் அணி நியூசிலாந்து போனது ஞாபகம் இருக்கிறதா? அதே நேரத்தில் இங்கே எஸ்ஏ20 என்ற இருபது ஓவர் லீக் நடந்ததால் முக்கிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இங்கேயே தங்கிவிட்டார்கள். அதற்கு முன் ஒரு டெஸ்ட்கூட ஆடாத நீல் பிராண்ட் கேப்டன். முதல் டெஸ்டில் 281 ஓட்டத்தில் தோல்வி, அடுத்ததில் ஏழு விக்கெட்டில். நியூசிலாந்திடம் நாம் டெஸ்ட் தொடரைப் பறிகொடுத்ததே அதுதான் முதல் தடவை. அந்த மாதக் கடைசியில் உங்கள் முறைப்படி கணக்குப் பார்த்திருந்தால் மனிதர் அப்போதே வீட்டுக்குப் போயிருப்பார், லார்ட்ஸில் பால்கனியில் நின்றிருக்க மாட்டார்.

அந்தத் தோல்வி யாருடையது? ஆளில்லாமல் அனுப்பியது நிர்வாகம். லீக் பணம் வேண்டும் என்று முடிவெடுத்ததும் நிர்வாகம். அதற்குப் பிறகு அவருக்கு முழு அணியும் கிடைத்தது, வெஸ்ட் இண்டீஸ், பங்களாதேஷ், இலங்கை, பாகிஸ்தான் என்று வரிசையாக ஏழு டெஸ்டை ஜெயித்து பைனலுக்குப் போனார்கள். அந்தச் சுற்றில் இங்கிலாந்தோடோ ஆஸ்திரேலியாவோடோ ஒரு டெஸ்ட்கூட நமக்கு அட்டவணையில் இல்லை என்று வெளிநாட்டுக்காரர்கள் முணுமுணுத்ததும் உண்மைதான். அட்டவணை போட்டது கோச் இல்லையே. ஆக நல்ல ரிசல்ட்டிலும் கெட்ட ரிசல்ட்டிலும் பாதி அந்த நாற்காலியுடையது, மீதியில்தான் உட்கார்ந்தவருக்குப் பங்கு. ஆள் எடுக்கிறவர்கள் உட்கார்ந்தவரை மட்டும் பார்த்துவிட்டு நாற்காலியைப் பார்ப்பதே இல்லை. விளையாட்டிலும் அப்படித்தான், கம்பெனியிலும் அப்படித்தான்.

17 ஜூன் 2025

சென்னைக்காரர் ஒருவர் "தென்னாப்பிரிக்கா வாங்கிய முதல் ஐசிசி கோப்பை" என்று எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. 1998இல் டாக்காவில் நாக்அவுட் கோப்பையை வாங்கினோம், பாப் வுல்மர் கோச்சாக இருந்த காலம். நடுவில் இத்தனை வருஷம் இடைவெளி விழுந்ததால் நாங்களே மறந்துவிட்டோம், உங்களைச் சொல்லிக் குற்றமில்லை.

21 ஜூன் 2025

சரி, நம்ம ஊர்க் கால்பந்துக்கு வருவோம். போன மாதம் டர்பன் மோசஸ் மபிடா மைதானத்தில் கைசர் சீஃப்ஸ் கிளப் பைரட்ஸ் கிளப்பை 2-1 என்று அடித்து நெட்பேங்க் கோப்பையை எடுத்ததே, பத்து வருஷத்தில் அவர்களுக்குக் கிடைத்த முதல் கோப்பை. என் மச்சான் சீஃப்ஸ் பைத்தியம், அன்று ராத்திரி தூங்கவே இல்லை. அதே சீசனில் லீகில் அவர்கள் முடித்த இடம் ஒன்பது! இப்போது சொல்லுங்கள் தம்பி, அவர்கள் கோச் நஸ்ரெதீன் நபி நல்லவரா கெட்டவரா? கோப்பையைப் பார்த்தால் போனஸ் கொடுக்க வேண்டும், பட்டியலைப் பார்த்தால் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்க வேண்டும். வருஷக் கடைசி மதிப்பீட்டுப் படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

சீஃப்ஸில் இதைவிட நல்ல உதாரணம் பழைய கோச் கேவின் ஹண்ட். சூப்பர்ஸ்போர்ட் யுனைடெட்டோடு 2008, 2009, 2010 என்று தொடர்ந்து மூன்று லீக், 2017இல் விட்ஸோடு ஒன்று. இதைவிடக் கனமான சிவி இந்த நாட்டில் யாரிடம் இருந்தது? 2020இல் சீஃப்ஸ் அவரை எடுத்தது. எடுத்த நேரம் கிளப் ஃபீஃபாவின் தடையில் இருந்தது, புதிய ஆட்டக்காரர் யாரையும் பதிவு செய்ய முடியாது. இருக்கிற ஆட்களை வைத்து ஓட்டினார், லீகில் தடுமாறினார், ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீகில் அரையிறுதி வரை அணியைக் கொண்டுபோனார், 2021 மே மாதம் அனுப்பிவிட்டார்கள்.

கம்பெனியில் இதற்கு ஹயரிங் ஃப்ரீஸ் என்று பெயர். சரக்குக் கம்பெனியில் இதை நான் கண்ணால் பார்த்தேன். ஜோபர்க்கிலிருந்து ஒரு ஆபரேஷன்ஸ் மேனேஜரைப் பெரிய சம்பளத்தில் கொண்டுவந்தார்கள். அவர் வந்த மூன்றாவது வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை: இனி காலியாகும் இடம் எதையும் நிரப்பக் கூடாது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் ஒப்பந்தக்காரர்கள், ஒப்பந்தம் முடிய முடியக் குறைந்துகொண்டே வந்தார்கள். கப்பல் வந்து நிற்கிறது, கண்டெய்னரைத் தூக்க ஆளில்லை, மேனேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே யார்டில் நிற்கிறார். வருஷக் கடைசியில் "எதிர்பார்த்த தலைமைப் பண்பு தெரியவில்லை" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்த வாக்கியத்தை யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள், எங்கே கற்றுக்கொள்கிறார்களோ.

22 ஜூன் 2025

கேபிஐ, அதாவது வேலையை அளக்கும் எண், பற்றிக் கேட்டவருக்கு. 2011 அக்டோபர், நெல்ஸ்புரூட், நம்ம தேசியக் கால்பந்து அணி பஃபானா பஃபானா சியரா லியோனோடு 0-0. கோல் வித்தியாசத்தில் முன்னால் இருக்கிறோம், ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போய்விட்டோம் என்று மைதானத்தில் ஆட்டம் பாட்டம். சம புள்ளி வந்தால் அந்த அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைத்தான் பார்ப்பார்கள் என்பது விதி, அதன்படி கோப்பைக்குப் போனது நைஜர். டிராவுக்காகப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு கோல் போட்டிருந்தால் போதும். எங்கள் கம்பெனியிலும் வருஷாவருஷம் ஒரு டிப்பார்ட்மெண்ட் இப்படித் தப்பான எண்ணுக்காக நடனம் ஆடும்.

சிரிக்கிறவர்கள் இதையும் கேளுங்கள். அன்றைக்குக் கோச் பிட்சோ மொசிமானே. அதே மனிதர் 2016இல் சன்டவுன்ஸ் கிளப்போடு ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் எடுத்தார், எகிப்தின் அல் அஹ்லியோடு 2020, 2021 என்று மேலும் இரண்டு. நெல்ஸ்புரூட் இரவை மட்டும் பார்த்து ஒதுக்கியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

29 ஜூன் 2025

"இண்டர்வியூவே தண்டம், ஆளைப் பார்த்தாலே தெரியும்" என்று ஒருவர். ஆளைப் பார்த்தாலே தெரியும் என்பவரைத்தான் நான் முதலில் இண்டர்வியூ அறையிலிருந்து வெளியே அனுப்புவேன்.

நம்ம பழைய டெஸ்ட் ஆட்டக்காரர் கேரி கிர்ஸ்டன் கதை தெரியும்தானே, அவரே 2020இல் சொன்னது. 2007இல் கவாஸ்கரிடமிருந்து ஒரு ஈமெயில், இந்திய அணிக்குக் கோச்சாக வருகிறீர்களா என்று. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். அவர் விண்ணப்பமே போடவில்லை, கோச் அனுபவமும் கிடையாது. இந்தியாவுக்குப் போனார், அங்கே கும்ப்ளே இவரைப் பார்த்து நீ எதற்கு வந்தாய் என்று கேட்க, இருவரும் சிரித்தார்களாம். அறைக்குள் போனால் உங்கள் திட்டம் என்ன என்கிறார்கள், இவரிடம் ஒன்றும் இல்லை. ரவி சாஸ்திரிதான் காப்பாற்றினார்: இந்தியாவை ஜெயிக்கத் தென்னாப்பிரிக்க அணியில் நீங்கள் என்ன செய்தீர்கள், அதைச் சொல்லுங்கள் என்றார். சொன்னார். ஏழே நிமிஷத்தில் ஒப்பந்தத்தைத் தள்ளினார்கள், அதில் முந்தைய கோச் கிரெக் சாப்பல் பெயர் இருந்தது. பேனாவால் அடித்துவிட்டு இவர் பெயரை எழுதினார்கள். 2011இல் உலகக் கோப்பை.

இதைக் கேட்டுவிட்டு, "பார்த்தீர்களா, இண்டர்வியூ தேவையில்லை" என்று குதிக்க வேண்டாம். அந்த ஏழு நிமிஷத்தில் ஒரு உருப்படியான கேள்வி இருந்தது, சாஸ்திரியின் கேள்வி. வேலையிலேயே வருகிற பிரச்சினையைச் சொல்லி, அதற்கு நீ என்ன செய்தாய் என்று கேட்பது. 1998இல் ஷ்மிட், ஹண்டர் என்று இரண்டு உளவியல்காரர்கள் 85 வருஷத்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வேலையைச் செய்து காட்டச் சொல்வதும், எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்பதும் மேலே நின்றன, கூடவே பொது அறிவுத்திறன் தேர்வும். வாய்க்கு வந்ததைக் கேட்கிற இண்டர்வியூ அவற்றுக்குக் கீழே. எத்தனை வருஷ அனுபவம் என்பது எங்கேயோ அடியில். நம்ம விளம்பரங்களிலோ முதல் வரியே "குறைந்தது பத்து வருஷ அனுபவம்".

2016இல் அதே இந்திய வாரியம் முறையாக விளம்பரம் கொடுத்தது. 57 விண்ணப்பம், வடிகட்டல், ஆலோசனைக் குழு, எல்லாம் சட்டப்படி. வந்தவர் அதே கும்ப்ளே. ஒரே வருஷம். அணி தோற்றதால் போகவில்லை, நன்றாகவே ஆடினார்கள். கேப்டன் கோலிக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. 57 விண்ணப்பத்தைப் பிரித்தவர்கள், யாரோடு வேலை செய்யப்போகிறாரோ அவரை நினைத்துப் பார்த்தார்களா?

30 ஜூன் 2025

நேற்று விட்டுப்போனது. முறையான இண்டர்வியூ என்பதும் காகிதத்தில்தான் முறையாக இருக்கும். துணி ஆலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் வேலைக்கு ஐந்து பேர் கொண்ட குழு, ஒவ்வொருவருக்கும் மார்க் போடும் தாள். தலைவர் முதலிலேயே சொல்லிவிட்டார், எல்லாரும் பென்சிலில் போடுங்கள் என்று. எனக்கு அப்போது அதன் அர்த்தம் புரியவில்லை. ஸ்டோர்ஸிலேயே பல வருஷம் நின்ற ஒரு அக்கா வந்தார், எந்த நூல் எவ்வளவு இருப்பு, எது எப்போது தீரும் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதியே கொண்டுவந்திருந்தார். மற்றவர் தலைவரோடு பழைய கம்பெனியில் வேலை பார்த்தவர், கையை வீசிக்கொண்டு வந்தார். எல்லாரும் போன பிறகு கூட்டிப் பார்த்தால் அக்கா முன்னால். தலைவர் ரப்பரை எடுத்து மேசையின் நடுவில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. ஒருவர் எடுத்து அழித்தார், அடுத்தவரிடம் தள்ளினார். மேசையெல்லாம் ரப்பர் தூள், அதை ஊதிவிட்டு மேலே மையால் எழுதினார்கள். அக்காவுக்கு வருத்தக் கடிதத்தை டைப் அடிக்கும் வேலை எனக்கு வந்தது.

3 ஜூலை 2025

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா அக்கா இதற்காகவே காத்திருந்தது போல வந்துவிட்டார்: "ஏற்கெனவே ஆளை முடிவு செய்துவிட்டு ஊருக்காக இண்டர்வியூ நடத்துவது விளையாட்டிலும் உண்டா?"

உண்டு அக்கா, கோர்ட்டுக்கே போயிருக்கிறது. அமெரிக்காவின் என்எஃப்எல் லீகில் (அவர்கள் ஊர் ஃபுட்பால், நம்ம கால்பந்து இல்லை) 2003இலிருந்து ரூனி விதி என்று ஒன்று. தலைமைக் கோச் இடம் காலியானால் சிறுபான்மையினர் ஒருவரையாவது (2021இலிருந்து இரண்டு பேரையாவது) கூப்பிட்டுப் பேச வேண்டும். எடுக்க வேண்டும் என்று இல்லை, பேச வேண்டும், அவ்வளவுதான். 2022இல் பிரையன் ஃபுளோரஸ் என்ற கறுப்பினக் கோச் வழக்குப் போட்டார். நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கு அவர் இண்டர்வியூவுக்குப் போக இன்னும் சில நாள் இருக்கும்போதே பெரிய கோச் பில் பெலிச்சிக்கிடமிருந்து போனில் வாழ்த்துச் செய்தி வந்ததாம். கேட்டால், அது வேறொரு பிரையனுக்கு, பிரையன் டபோலுக்கு அனுப்ப வேண்டியது, பெயர் மாறி வந்துவிட்டது. வேலையும் டபோலுக்குத்தான் போனது. இண்டர்வியூவுக்குப் போகிறவன் மனசு எப்படி இருக்கும், சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது இது வந்தால்?

இங்கே நம்ம சட்டம் வேறு. 1998இன் வேலைச் சமத்துவச் சட்டம் பேசினால் போதும் என்று விடாது, எத்தனை பேர் என்று எண்ணிக்கை இலக்கு வைக்கச் சொல்கிறது. இந்த வருஷம் திருத்தமும் வந்துவிட்டது, துறைவாரியாக அரசே இலக்கு சொல்கிறது. நம்ம இந்திய ஆட்கள் டர்பன் சாட்ஸ்வொர்த் டீக்கடையில் அப்போது நாம் போதிய அளவு வெள்ளை இல்லை, இப்போது போதிய அளவு கறுப்பு இல்லை என்று புலம்புவதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நான் அந்தப் புலம்பலில் சேர மாட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சூப்பர்வைசருக்கு மேல் நம்ம நிறத்தில் ஒருவரும் கிடையாது, அதற்கு எந்த இண்டர்வியூவும் தேவைப்படவில்லை.

ஆனால் எடுத்த பிறகு அந்த ஆளை எப்படி நடத்துகிறார்கள் என்பதில் எனக்குக் கோபம் உண்டு. 2008இல் பீட்டர் டி வில்லியர்ஸ் நம்ம தேசிய ரக்பி அணி ஸ்பிரிங்பாக்ஸின் முதல் கறுப்பினக் கோச். அறிவித்த அன்றே சங்கத் தலைவர் ஒரெகன் ஹொஸ்கின்ஸ், இது ரக்பி காரணத்துக்காக மட்டும் எடுத்த முடிவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் முன்னால் சொன்னார். நேர்மையாகச் சொன்னதாக அவர் நினைத்திருக்கலாம். ஒருவர் முதல் நாள் வேலைக்கு வரும்போது வாசலில் நின்று ஊருக்கே இதைச் சொன்னால் அவர் பேச்சை யார் கேட்பார்கள்? அப்படியும் 2009இல் பிரிட்டிஷ் லயன்ஸைத் தொடரில் அடித்தார், ட்ரை நேஷன்ஸும் எடுத்தார். அந்த வாக்கியம் மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை. அப்போது ரக்பி காரணத்துக்குப் பொருத்தமானவர் என்று பலர் சொன்ன வெள்ளைக்காரர் ஹைனெக்கே மேயருக்கு 2012இல் இடம் கிடைத்தது. 2015இல் ஜப்பானிடம் 34-32 என்று தோற்றதும் அவர் அணிதான், அப்புறம் எழுந்து மூன்றாம் இடம் வந்ததும் அதே அணிதான். அந்தத் தோல்விக்கு யாராவது அவர் தோல் நிறத்தைக் காரணம் சொன்னார்களா?

12 ஜூலை 2025

பீனிக்ஸ் தம்பி திரும்பி வந்து மடக்கியிருக்கிறார். "எல்லாம் நாற்காலிதான் என்றால் கோச்சே எதற்கு? பொம்மையை வைத்துவிடலாமே." நியாயமான கேள்வி. இரண்டு நாளாக யோசித்தேன், என் பேச்சில் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று தோன்றுகிறது.

காரணம் கால்பந்து கோச் கார்டன் இகெசுண்ட். சாட்ஸ்வொர்த்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: மானிங் ரேஞ்சர்ஸ் என்று 1928இல் நம்ம இந்தியர்கள் டர்பனில் தொடங்கிய கிளப். 1996-97இல் பிஎஸ்எல் என்று புது லீக் ஆரம்பித்தபோது சீஃப்ஸ், பைரட்ஸ், சன்டவுன்ஸ் எல்லாரையும் தாண்டி முதல் கோப்பையை எடுத்தது இந்தச் சின்னக் கிளப். சாட்ஸ்வொர்த் மைதானத்தில் சிமெண்ட் படியில் உட்கார்ந்து, பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றியது) சுற்றிய பேப்பரை மடியில் விரித்துக்கொண்டு பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன். கறிக்குழம்பு பேப்பரைத் தாண்டி பேண்ட்டில் இறங்கும், கோல் விழும்போது எழுந்தால் மிச்சம் பக்கத்து ஆள் மேல். இகெசுண்ட்தான் கோச். அதற்குப் பிறகு 2001இல் பைரட்ஸோடு லீக் எடுத்தார், 2002இல் சாண்டோஸோடு, 2007இல் சன்டவுன்ஸோடு. நாலு வேறு வேறு கிளப், சின்னதும் பெரியதும். இதை நாற்காலி என்று சொல்ல என் மனசு ஒப்பவில்லை.

ஆக சிலர் கையோடு எதையோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். என்ன என்பதுதான் கேள்வி. ஹார்வர்டில் போரிஸ் குரோய்ஸ்பெர்க் என்பவர் வால் ஸ்ட்ரீட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரப் பங்கு ஆய்வாளர்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார். கம்பெனி மாறியதும் நட்சத்திரங்களில் பலருக்கு ஒளி மங்கியது. தன் குழுவையும் கூட்டிக்கொண்டு போனவர்கள் அவ்வளவாகச் சரியவில்லை.

அதே இகெசுண்ட் 2012இல் பஃபானாவுக்குப் போனார். தேசிய அணியில் ஆட்டக்காரரை விலைக்கு வாங்க முடியாது, தினம் பயிற்சி கொடுக்க முடியாது, கிளப்புகள் விட்டால்தான் ஆள். 2013 ஆப்பிரிக்கக் கோப்பையில் காலிறுதி, நம்ம டர்பனில்தான், மாலியிடம் பெனால்டியில் போச்சு. அடுத்த வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தினமும் ஆட்களோடு நின்று வேலை வாங்குகிறவரை, எப்போதாவது ஆட்களைப் பார்க்கிற இடத்தில் வைத்தார்கள். கிளை மேனேஜராகக் கலக்கியவரைத் தலைமை அலுவலகத்தில் கொண்டுபோய் பவர்பாயிண்ட் போட வைப்பது இதுதான்.

13 ஜூலை 2025

குழுவைக் கூட்டிக்கொண்டு போவது என்றதும் ஸ்பிரிங்பாக்ஸ் கோச் ராஸி எராஸ்மஸ் ஞாபகம் வந்துவிட்டது. அதை எழுதாமல் விட்டால் ரக்பிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

அவருக்கு முன்னால் அலிஸ்டர் கோட்சீ. 2016இல் இத்தாலியிடம் முதல் தடவையாகத் தோற்றோம், 2017இல் ஆல்பனியில் நியூசிலாந்திடம் 57-0. அந்த மாட்சை நான் பாதியில் அணைத்துவிட்டேன். அவரை அனுப்பும்போது அவர் சங்கத்துக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார், அது வெளியே வந்துவிட்டது: தோற்கும்படியே என்னை வைத்தீர்கள், நான் பெயருக்குத்தான் தலைமைக் கோச் என்று. போகிறவர் எழுதும் கடிதத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் அடுத்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். ராஸிக்கு முதலில் ரக்பி இயக்குநர் பதவி, 2023 வரை ஒப்பந்தம், அப்புறம் 2018இல் கோச் பதவியும் சேர்த்து. அயர்லாந்தின் மன்ஸ்டர் அணியில் தன்னோடு இருந்த ஜாக் நீனாபரைக் கூட்டிக்கொண்டு வந்தார். 30 டெஸ்டுக்குக் குறைவாக ஆடியவர் வெளிநாட்டு கிளப்பில் இருந்தால் எடுக்கக் கூடாது என்ற விதியும் அவர் காலத்தில் தளர்ந்தது. கேப்டனாகக் கொலிசியை வைத்தார். 2019 உலகக் கோப்பை பைனல், யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32-12.

கோட்சீக்கு இதெல்லாம் கொடுத்திருந்தால் ஜெயித்திருப்பாரா? தெரியாது, ராஸி அளவு வந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் வெறும் ஆளை மாற்றியதால் வந்த வெற்றி என்று நிர்வாகக் கருத்தரங்குகளில் படம் போட்டுக் காட்டுகிறார்களே, அது பாதிக் கதை. ராஸி வேலையில் சேரும்போதே வேலையின் வரையறையையும் மாற்றி வாங்கிக்கொண்டார். 2023இல் நீனாபர் தலைமைக் கோச்சாக இருந்து பாரிஸில் உலகக் கோப்பை பைனலில் நியூசிலாந்தை 12-11 என்று அடித்தபோதும் இதே ஏற்பாடுதான் ஓடிக்கொண்டிருந்தது. கோச் மாறினார், ஏற்பாடு மாறவில்லை.

27 ஜூலை 2025

ஆடி மாசம், இன்று கோவிலில் கூழ் ஊற்றிவிட்டு வந்தேன், கை வலிக்கிறது, சின்னதாக எழுதுகிறேன். (எழுதி முடித்துப் பார்த்தால் சின்னதாக இல்லை.)

கூழ் வரிசையில் நின்றபோது ஒரு பெரியவர் கேட்டார், நீ எழுதுகிறதெல்லாம் சரி, நம்ம குருக்கள் ஏன் போனார் என்று எழுதுவதுதானே? அதுவும் ஆள் எடுப்புதான். எந்தக் கோவில் என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து குருக்கள் வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. வாட்ஸ்அப் வீடியோவில் இண்டர்வியூ. ஒருவர் ருத்ரம் சொல்லச் சொன்னார், ஒருவர் தேவாரம் பாடச் சொன்னார், கணீரென்ற குரல், எல்லாருக்கும் மகிழ்ச்சி. விசாவுக்கே எவ்வளவோ அலைந்தோம்.

வந்தவருக்கு வேலையில் ஒரு குறையும் இல்லை. தலைவர் காலைப் பூஜையை ஆறு மணிக்கு வைக்கச் சொல்வார், செயலாளர் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஐந்துக்கு வைக்கச் சொல்வார். அறையில் ஹீட்டர் இல்லை, ஜூலைக் குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருவார். சமையல் தானே செய்ய வேண்டும், கடைக்குப் போக வண்டி இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிட்டார். "இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் நிலைப்பதில்லை" என்று கமிட்டி கூட்டத்தில் குறிப்பு எழுதினார்கள். இப்போது அடுத்தவருக்குத் தேடுகிறார்கள், இந்த முறை இலங்கையிலிருந்து பார்ப்போம் என்று. ஹீட்டர் இன்னும் வாங்கவில்லை.

2 ஆகஸ்ட் 2025

"சரியில்லாவிட்டால் டக்கென்று தூக்குகிறார்களே, அதுதான் விளையாட்டில் எனக்குப் பிடித்தது. இங்கே சிசிஎம்ஏவுக்கு (தொழில் தகராறு தீர்க்கும் ஆணையம்) போவேன் என்று மிரட்டுகிறார்கள்" என்று ஒரு முதலாளி. முதலாளி என்பது என் ஊகம்தான், எழுத்திலேயே தெரிகிறது.

தூக்குவதால் என்ன கிடைக்கிறது என்று ஹாலந்தில் பாஸ் டெர் வேல் என்ற பொருளாதாரக்காரர் பார்த்திருக்கிறார். டச்சு லீகில் 1986இலிருந்து 2004 வரை. கோச்சைத் தூக்கிய பிறகு அணி மேலே வருகிறது, உண்மைதான். ஆனால் அதே மாதிரிச் சரிவில் இருந்து கோச்சைத் தூக்காமல் வைத்திருந்த அணிகளும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் மேலே வந்தன. அடிமட்டத்தில் இருக்கும்போது தூக்குகிறார்கள், அதற்குக் கீழே போக இடமில்லை, ஏறியது தூக்கியதால் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த ஆய்வு கேட்ட கேள்வியே கம்பெனிகளில் மேனேஜரை மாற்றினால் பலன் உண்டா என்பதுதான். கம்பெனிக்குள் வாராவாரம் ஸ்கோர் போர்டு கிடையாதே, அதனால் பந்து மைதானத்துக்குப் போயிருக்கிறார்கள்.

சிசிஎம்ஏ பற்றி ஒன்று மட்டும். வேலை போன 30 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், முதலாளி தரப்பில் நியாயமான காரணமும் நியாயமான நடைமுறையும் காட்ட வேண்டும். அங்கே மேசையில் முதலாளி பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன், காரணம் எழுதத் தெரியாமல் தோற்றவர்கள்தான் மிரட்டல் என்கிறார்கள்.

9 ஆகஸ்ட் 2025

இன்று பெண்கள் தினம். லெனேசியா அக்காவின் கேள்வி: "பொறுப்பு" என்று போட்டே வருஷத்தை ஓட்டுகிறார்களே, முனிசிபாலிட்டியில் எங்கே பார்த்தாலும் பொறுப்பு மேனேஜர், விளையாட்டிலும் உண்டா?

டெசிரே எல்லிஸ். நம்ம தேசியப் பெண்கள் கால்பந்து அணி பன்யானா பன்யானாவின் முன்னாள் கேப்டன். 2016இல் கோச் வேரா பாவ் போன பிறகு பொறுப்புக் கோச். நிரந்தரமாக்கியது 2018 பிப்ரவரியில். அதற்கிடையில் அவர் செய்ததும் அதே வேலைதான். 2022இல் மொராக்கோவை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று அடித்து ஆப்பிரிக்கக் கோப்பை, 2023 உலகக் கோப்பையில் கடைசிப் பதினாறு. பொறுப்பில் வைப்பது முதலாளிக்கு வசதி அக்கா. ஜெயித்தால் நம்ம தேர்வு, தோற்றால் அவர் பொறுப்புதானே. ஆட்களும் பொறுப்பு மேனேஜர் சொல்வதைப் பாதிதான் கேட்பார்கள், நாளைக்கு வேறொருவர் வருவார் என்று தெரியும்.

16 ஆகஸ்ட் 2025

பீனிக்ஸ் தம்பிக்கே வேலை வந்திருக்கிறதாம், பைன்டவுனில் ஒரு கம்பெனியில் கிளை மேனேஜர். வாழ்த்துகள். சம்பளம் நன்றாக இருக்கிறது, திங்கள்கிழமை கையெழுத்துப் போடப் போகிறேன், என்ன கேட்கலாம் அண்ணா என்று எழுதியிருக்கிறார்.

கார் கிடைக்குமா, மெடிக்கல் எய்ட் எவ்வளவு என்று கேட்பதெல்லாம் நீங்களே கேட்பீர்கள். நான் கேட்கச் சொல்வது இவை. இப்போது எத்தனை இடம் காலி, அதை நிரப்ப உங்களுக்கு அனுமதி உண்டா? உங்களுக்குக் கீழே இருப்பவர்களில் இந்த வேலைக்கு விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவர் யாராவது உண்டா? (இருந்தால் முதல் வாரமே அவரோடு சாப்பிடப் போங்கள்.) இரண்டு மேலதிகாரிகள் வேறு வேறாகச் சொன்னால் யார் பேச்சு செல்லும்? ஒரு வருஷம் கழித்து உங்களை எந்த எண்ணால் அளப்பார்கள், அதை இப்போதே காகிதத்தில் கொடுப்பார்களா? நெல்ஸ்புரூட் ஞாபகம் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான். அப்புறம், உங்களுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் யார் என்று விசாரியுங்கள். பைன்டவுன் சின்ன ஊர், நம்பர் கிடைக்காமல் போகாது. இன்றைக்கே கூப்பிட்டு, ஏன் போனீர்கள் என்று கேளுங்கள். அவர் திட்டுவார், பாதியைத் தள்ளிவிடுங்கள், மீதியைக் குறித்துக்கொண்டு வந்து இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.